யாருக்குக் கெட்ட செய்தி?

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் ஊடக அறம் பற்றிக் கருத்தரங்கம். போயிருந்தேன். மேடையில் இருந்த பேராசிரியர் ஒருவர் ரொம்பவும் வருத்தப்பட்டார். டிவியைப் போட்டாலே கொலை, வெட்டு, குத்து, தீவைப்பு. பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்தி பார்க்க முடியவில்லை. நாட்டில் நல்லதே நடக்கவில்லையா. பத்திரிகையாளர்களுக்குப் பொறுப்பு வேண்டாமா என்று கேட்டார். அரங்கம் கை தட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழர் ஒருத்தர் மெதுவாகக் குனிந்து, 'நம்ம சாவைப் பார்த்து அய்யாவுக்குச் சோறு இறங்கல போல'ன்னார். நான் சிரித்துவிட்டேன். ராத்திரி பஸ்ஸில் திரும்பி வரும்போது சிரிப்பு போய்விட்டது.

பேராசிரியர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. செய்திச் சேனல்கள் வன்முறையைத்தான் விற்கின்றன. சிவப்புப் பட்டை, பிரேக்கிங் என்ற அலறல், பின்னால் ஒரு திகில் இசை, ஒரே காட்சி வட்டம் போட்டு வட்டம் போட்டு நாற்பது தடவை. இதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் இந்தப் புகார் எந்த வீட்டிலிருந்து எழுகிறது என்று பார்க்க வேண்டும். செய்தி தன் சாப்பாட்டு நேரத்தைக் கெடுக்கிறது என்பது அவருடைய கஷ்டம். அந்தச் செய்திக்குள் கிடக்கிறவனுக்கு அது அவனுடைய தெரு. கெட்டதைக் குறை, நல்லதைக் கூட்டு என்று நாளைக்கே சேனல் முதலாளி முடிவெடுத்தால் முதலில் வெட்டுப்படப்போவது காலனிச் செய்திதான். அதனால் அவருடைய புகார் மனுவில் நாம் கையெழுத்துப் போட முடியாது. நம்முடைய மனுவைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. செய்தி கெட்டதாக இருக்கிறது என்பதில் நமக்கு வழக்கு இல்லை. கெட்டதைச் செய்தவன் அந்தச் செய்திக்குள் இல்லை. அதில்தான் வழக்கு.

நம்ம ஆட்கள் பத்திரிகை ஆரம்பித்ததே இந்த வழக்குக்காகத்தான். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' நடத்தினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' கொண்டுவந்தபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட 'கேசரி' மறுத்தது. அன்றைக்கு நம் செய்தி வரவே வராது. இன்றைக்கு வருகிறது, இருபத்து நாலு மணி நேரமும் வருகிறது. எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். அந்தப் படிப்பால் எனக்குச் சோறு கிடைக்கவில்லை. டிவிக்குக் கீழே ஓடுகிற எழுத்தை வாசிக்க மட்டும் உதவுகிறது. அந்தப் பட்டையில் ஓடுகிற சொற்களைக் கவனியுங்கள். இருதரப்பினர் மோதல். வீடுகளுக்குத் தீவைப்பு. இளைஞர் வெட்டிக் கொலை. போலீஸ் துப்பாக்கிச் சூடு. எல்லாம் தொழிற்பெயர்கள். வினைமுற்று என்றால் அது திணை, பால், எண், இடம், காலம் காட்டியாக வேண்டும். 'எரித்தார்கள்' என்று எழுதினால், யார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். 'தீவைப்பு' என்று எழுதினால் வைத்தவன் தேவையில்லை. ஆணா பெண்ணா, ஒருத்தனா ஓராயிரம் பேரா, இன்றா நேற்றா ஒன்றும் தேவையில்லை. தீ தானாக வந்து தானாக வைத்துக்கொண்டு போகிறது. 'சுடு' என்ற வினை 'சூடு' என்று நீண்டால் அது முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். 2011 செப்டம்பர் 11இல், இமானுவேல் சேகரன் நினைவு நாளில், பரமக்குடியில் திரிந்தது அந்த ஒரு சொல் மட்டும் இல்லை. போலீஸ் சுட்டது, சனங்கள் செத்தார்கள். செய்தியில் சூடு நடந்தது.

'பலி' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசும். பலி என்றால் சாமிக்குக் கொடுப்பது. 'இருவர் பலி' என்று போடுகிறவர்கள், கொடுத்தது யார், எந்தச் சாமிக்கு என்று ஒரு நாளாவது யோசித்திருப்பார்களா?

இடம் பத்தாது தோழர், ஓடுற பட்டையில இலக்கணமெல்லாம் பார்க்க முடியாது என்று ஒரு பத்திரிகை நண்பர் சொன்னார். 'மர்ம நபர்கள்' என்று போட இடம் இருக்கிறது. 'முன்விரோதம் காரணமாக' என்று போட இடம் இருக்கிறது. 'காதல் விவகாரம்' என்று போட எப்போதும் இடம் இருக்கிறது. சாதி என்ற இரண்டு எழுத்துக்குத்தான் இடம் பத்தவில்லை. அரசாங்கத்துக்கும் இந்தச் சொல் விஷயத்தில் அக்கறை உண்டு. 2018 ஆகஸ்டில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் சேனல்களுக்கு ஒரு அறிவுரை அனுப்பியது. 'தலித்' என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு 'பட்டியல் சாதி' என்று சொல்லச் சொன்னது. நாமாக நமக்கு வைத்துக்கொண்ட பெயர் அவர்களுக்கு உறுத்துகிறது. 'இருதரப்பினர் மோதல்' அவர்களை உறுத்தியதே இல்லை.

மோதல் என்பதற்கு இரண்டு கை வேண்டும். 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்கள், பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். அதைக் கூலித் தகராறு என்ற சொல்லுக்குள் அடக்கப் பார்த்தார்கள். 1995இல் கொடியன்குளத்துக்குள் போலீஸ் படையே புகுந்து வீடுவீடாக உடைத்துவிட்டுப் போனது. அதுவும் சாதிக் கலவரம் என்ற பொதுக்கணக்கில்தான் ஏறியது. அப்போது செய்திச் சேனல்கள் கிடையாது, பத்திரிகைகள்தான் எழுதின. டிவி வந்து அந்தச் சொற்களை அப்படியே வாங்கிக்கொண்டு, அவற்றுக்குப் படம் சேர்த்தது.

2012 நவம்பர் 7இல் தருமபுரியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று ஊர்களிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். தமிழில் புதுசு புதுசாகச் செய்திச் சேனல்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. எரிந்த பீரோ, கருகிய பாடப்புத்தகம், மாரில் அடித்துக்கொள்ளும் பெண்கள், எல்லாவற்றையும் காட்டினார்கள். 'காதல் திருமணம் எதிரொலி' என்று பெயர் வைத்தார்கள். எதிரொலி! மலையில் கூப்பிட்டால் திரும்பி வருமே, அது மாதிரி. ஒரு பையனும் ஒரு பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டது ஒலி. மூன்று ஊர் எரிந்தது அதன் எதிரொலி. ஒலியை எழுப்பினவன் மேல்தானே தப்பு என்று பார்க்கிறவன் மனசில் தானாகப் பதிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு விவாத மேடை. ஜீன்ஸும் டீசர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பாமக நிறுவனர் பேசியது எல்லாருக்கும் தெரியும். 'நாடகக் காதல்' என்ற சொல் அந்தப் பேச்சோடு சேர்ந்து ஊருக்குள் வந்தது. அதைப் பொது இடத்துக்குக் கொண்டுபோய் நாற்காலி போட்டு உட்காரவைத்தது டிவி. பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும், வசவு தலைப்பாகிவிடுகிறது. 'நாடகக் காதலா?' ஒரு பக்கம் வீடு எரிந்தவன், இன்னொரு பக்கம் எரிக்கக் காரணம் சொல்கிறவன், நடுவில் கோட்டுப் போட்ட நெறியாளர். இதற்குப் பெயர் நடுநிலை.

2013 ஜூலை 4இல் இளவரசன் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிணமாகக் கிடந்தான். அதற்கு முந்தைய நாட்களில் அந்தப் பெண்ணை உயர்நீதிமன்ற வளாகத்தில் கேமராக்கள் எப்படி நெருக்கின என்பது நினைவிருக்கிறதா? இருபது வயதுப் பெண். அப்பாவைப் பறிகொடுத்தவள், மூன்று ஊர் எரிந்த பழியைத் தலையில் சுமந்தவள். வாய்க்கு நேரே பத்து மைக். அவனோடு சேர்ந்து வாழ்வாயா மாட்டாயா, ஒரே வார்த்தையில் பதில் சொல்! கேள்வி கேட்டவர்களில் யாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பைட் வேண்டும், மேலே இருந்து போனில் விரட்டுகிறார்கள், பக்கத்துச் சேனல்காரன் முந்திவிடுவான். ஆனால் அந்த ஒரே வார்த்தை எங்கே போய் விழும் என்று யோசிப்பதுதான் அந்தத் தொழிலின் பொறுப்பு. அதை அன்றைக்கு அந்த வளாகத்தில் யாரும் சுமக்கவில்லை.

கோகுல்ராஜ் வழக்கு இதைவிட மோசம். 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலில் இருந்து அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் தண்டவாளத்தில் கிடந்தான். முக்கியக் குற்றவாளியான யுவராஜ் மாதக்கணக்கில் தலைமறைவு. போலீசுக்கு அகப்படாதவன் வாட்ஸ்அப்பில் பேச்சுப் பேச்சாக அனுப்புகிறான், சேனல்கள் அதை எடுத்து ஒலிபரப்புகின்றன. அதோடு விடவில்லை. தலைமறைவாக இருந்தபோதே ஒரு செய்தித் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தான். அந்தப் பேட்டி பின்னால் நீதிமன்றத்திலும் பேசப்பட்டது. அக்டோபரில் அவனாகச் சரணடைந்தபோது சாதிக்காரர்களிடையே அவன் வீரனாகியிருந்தான். 2022 மார்ச்சில் மதுரை தனி நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இடைப்பட்ட ஏழு வருடம் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்த அவன் அம்மாவுக்கு டிவி கொடுத்த நேரத்தையும், தலைமறைவுக்காரனுக்கு அந்த நாலு மாதத்தில் கொடுத்த நேரத்தையும் யாராவது எடைபோட்டுப் பார்க்கலாம். கொலைகாரன் பேட்டியைப் போட்டது செய்தி, மக்களுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்பார்கள். உண்டுதான். ஆனால் எதைத் தெரிந்துகொண்டோம்? அவன் மீசையை, அவன் குரலை, அவன் தரப்பை. ஒரு கொலைக்குத் தரப்பு என்று ஒன்று இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டோம்.

இப்போது உடுமலைப்பேட்டைக்கு வரலாம். இதில் என்னால் ஒரே பக்கம் நின்று பேச முடியவில்லை.

2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சங்கரையும் கௌசல்யாவையும் வெட்டினார்கள். கண்காணிப்புக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. அது டிவிக்கு வந்தது. நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை. டீக்கடையில் பார்த்தேன், சலூனில் பார்த்தேன், வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஓடுகிறது. அப்போது எனக்குச் சங்கரைவிட நாலைந்து வயது கூட. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, காலேஜ் போகிற தன் மகனைக் கூப்பிட்டு டிவி முன்னால் உட்காரவைத்து, 'பாத்துக்கடா, நல்லாப் பாத்துக்க'ன்னு சொன்னதை என் காதால் கேட்டேன். அவனுக்கு ஒரு பெண்ணும் பழக்கமில்லை. அந்தம்மா பயத்தில் சொன்னது. வெட்டினவர்கள் ஊருக்குச் சொல்ல நினைத்ததை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த வேலையை அன்றைக்கு டிவி செய்தது. தண்டோரா போட்டது மாதிரி. சாதித் திமிர் பிடித்த சிலர் அதே காட்சிக்குப் பாட்டுச் சேர்த்துச் செல்போனில் பரப்பினார்கள். செத்துக்கொண்டிருக்கும் ஒருத்தனைக் காட்டும்போது, பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிப் பதறுவார்கள் என்று செய்தி ஆசிரியர் நினைத்திருந்தால் அவருக்குத் தமிழ்நாடு தெரியாது.

சரி, காட்டாமல் விட்டிருக்கலாமா? அந்தக் காட்சி இல்லையென்றால் அதுவும் முன்விரோதம் ஆகியிருக்கும், மர்ம நபர்கள் ஆகியிருக்கும். தண்டவாளத்தில் போட்டால் தற்கொலை என்று சொல்லலாம்; பஸ் நிலையத்தில் கேமரா முன்னால் வெட்டினதை யாரும் தற்கொலை என்று சொல்ல முடியவில்லை. அரசாங்கத்தை அசைத்தது அந்த ஃபுட்டேஜ்தான். ஆகவே காட்டாதே என்று என்னால் எழுத முடியவில்லை. ஒரு தடவை காட்டு, முகத்தை மறைத்துக் காட்டு, இது இன்ன சட்டத்தின் கீழ் இன்ன குற்றம் என்று சொல்லிக் காட்டு, அப்புறம் நிறுத்து என்று எழுதலாம். முக்கியமாக, அப்புறமும் வா என்று எழுதலாம். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தபோது கேமராக்கள் வந்தன. 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்தது. ஐந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. வெட்டினது நிரூபணமாகியிருக்கிறது, வெட்டச் சொன்னது நிரூபணமாகவில்லை. இது எப்படி, போலீஸ் எந்த ஆதாரத்தைச் சேர்க்காமல் விட்டது, சதியை நிரூபிக்க எங்கே வழி தவறியது? அந்தக் காட்சியை நாற்பது தடவை போட்ட சேனல்கள் இந்தக் கேள்வியை நாலு தடவை கேட்டிருந்தால் நம் வழக்குரைஞர்களுக்கும் மாணவர்களுக்கும் எவ்வளவோ பயன்பட்டிருக்கும். அது ஓடுகிற காட்சி இல்லை. தீர்ப்பைப் படிக்க வேண்டும், நாலு பேரிடம் கேட்க வேண்டும்.

பேராசிரியர் கேட்ட நல்ல செய்தியும் நம் பக்கத்தில் நிறைய வருகிறது. அதைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம்.

2022 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் சனங்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு நோய் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், அப்புறம்தான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். கலெக்டரும் எஸ்.பி.யும் ஊருக்கு வந்தார்கள். வந்த இடத்தில், டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும் அய்யனார் கோயிலுக்குள் நம்மை விடாததும் தெரியவந்தது. கலெக்டர் சனங்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குள் போனார். நல்ல காரியம்தான், அந்தப் பெண் அதிகாரியின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் டிவிக்கு இது கையில் விழுந்த பழம். மலம் கலந்த தொட்டியை எத்தனை நேரம் காட்டுவது, அருவருப்பு. கோயில் நுழைவு என்றால் பூ, கற்பூரம், கைகூப்பிய பெண்கள். தலைமுறை தலைமுறையாகப் பூட்டியிருந்த கதவு திறந்தது என்று குரல் தழுதழுக்கச் சொன்னார்கள். பார்த்தவர்களுக்கும் ஒரு திருப்தி, தப்பு நடந்தது, சரிசெய்துவிட்டார்கள். குடிதண்ணீரில் பீயைக் கலந்தவன் யார் என்ற கேள்வி கற்பூரப் புகையில் மங்கிப்போனது.

வழக்கு 2023 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. வருடம் இரண்டு ஓடியது. 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட அதே தெருவைச் சேர்ந்த மூன்று பேர்தான் குற்றவாளிகள் என்று குற்றப்பத்திரிகை வைத்தார்கள். ஊர்ச் சனம் அதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். ஆனால் ஆடியோவும் படங்களும் வெளியே வந்து சேனல்களில் ஓடத் தொடங்கின. விசாரணைக்கு முன்பே தீர்ப்பு. இரண்டு வருடம் 'மர்ம நபர்கள்' என்று மரியாதையாக இருந்தவர்கள் இப்போது பெயரோடும் முகத்தோடும் வந்தார்கள். எழுவாய் கிடைத்துவிட்டது! நம்ம ஆள் என்றால் மட்டும் செய்தியில் வினைமுற்று வந்துவிடுகிறது. செய்தார்களா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். குற்றம் சாட்டப்பட்டவன் பெயரைச் சொல்லலாமா, கூடாதா என்பதில் ஒரு சேனலுக்கு ஒரு விதி இருந்தால் அது எல்லாத் தெருவுக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு நல்ல செய்தி நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கச்சியையும் வெட்டினார்கள். அடுத்த மே மாதம் அந்தப் பையன் 600க்கு 469 மதிப்பெண் வாங்கினான். கட்டுப்போட்ட கையோடு அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். சேனல்கள் கொண்டாடின. 'சாதித்துக் காட்டிய மாணவன்.' எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் நீதிபதி சந்துரு தன் அறிக்கையை அரசிடம் கொடுத்தார். பள்ளிப் பெயரில் சாதியை எடு, கையில் கலர் கயிறு கட்டாதே, அதிகச் செல்வாக்குள்ள சாதியைச் சேர்ந்தவரை அதே வட்டாரத்தில் அதிகாரியாகப் போடாதே என்று நீளமாகப் போகிற அறிக்கை. அதை முன்னே வைத்து ஒவ்வொரு ஊர்ப் பள்ளிக்கும் கேமரா போயிருக்கலாம். கயிறு விவாதம் இரண்டு நாள் நடந்தது, நெற்றிப் பொட்டு வரைக்கும் போய்ச் சண்டையாகி முடிந்தது. மதிப்பெண் கதை மட்டும் மனசில் நிற்கிறது. வெட்டுப்பட்டாலும் படித்து மேலே வருகிறவன்தான் அவர்களுக்குப் பிடித்த தலித். 469க்குப் பதில் 269 வாங்கியிருந்தால்?

வடக்கே போனாலும் இதுதான். 2006 செப்டம்பர் 29இல் மகாராஷ்டிராவில் கயர்லாஞ்சியில் ஒரே குடும்பத்தில் நாலு பேரைக் கொன்றார்கள். நம் சனங்கள் தெருவில் இறங்கி மாநிலமே கொதித்த பிறகுதான் பெரிய ஊடகங்களுக்குக் கண் திறந்தது. 2020இல் ஒரு நடிகரின் தற்கொலையை வைத்துக்கொண்டு மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்திய சேனல்களுக்கு, அந்தச் செப்டம்பர் பதினாலில் ஹாத்ரஸில் சிதைக்கப்பட்ட பெண், சாகிறவரைக்கும் செய்தி இல்லை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். நடுராத்திரியில் வீட்டாரைத் தள்ளிவைத்துவிட்டு உ.பி. போலீஸ் அவள் உடலை எரித்தபோது அங்கே ஒரு பெண் நிருபர் நின்றிருந்தார். அங்கே என்ன எரிகிறது என்று போலீஸ்காரரை விடாமல் கேட்டார், கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சில நிமிடம் இல்லையென்றால் அந்தத் தீயும் தானாகப் பற்றிய தீயாகியிருக்கும். கெட்ட செய்தியைக் குறைக்கச் சொல்லும் பேராசிரியர்களுக்கு அந்த நிமிடங்களைத்தான் போட்டுக் காட்ட வேண்டும்.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. 2006இல் டெல்லியில் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். பட்டியல் சாதி, பழங்குடி ஒருத்தர்கூட இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து எடுத்த கணக்கில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதி. நம் ஆள் சுழியம். பதின்மூன்று வருடத்தில் சுழியம் சுழியமாகவே இருக்கிறது. தமிழ்நாடு வேறு மாதிரி என்று நண்பர்கள் சொல்வார்கள். பார்ப்பனர் கை இங்கே தளர்ந்திருக்கலாம். தளர்ந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது நாமா என்று அவர்களே சொல்லட்டும்.

நம்ம ஆட்கள் இருக்கிற இடம் எனக்குத் தெரியும். தாலுகாவில். எங்கள் பக்கத்தில் ஒரு தம்பி ஸ்ட்ரிங்கராக இருக்கிறான். மாதச் சம்பளம் கிடையாது, அனுப்புகிற செய்தி ஓடினால் அதற்குக் காசு. ஓடாவிட்டால் பெட்ரோல் செலவு அவனோடது. பெரிய சேனல் மைக் கையில் இருக்கும், அடையாள அட்டை இருக்காது. சாதியைச் சொல்லாமல் வேலை பார்க்கிறான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஊரில் நம் பையன் ஒருத்தனைக் கோயில் திருவிழாவில் அடித்துக் கையை ஒடித்துவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். போட மாட்டேன் என்கிறார்கள். கேமரா வந்தால்தான் நகரும் என்று அவனுக்குப் போன் போட்டது நான். வந்தான். பையனின் அம்மாவிடம் பேசினான். அந்தக்கா அழாமல், தெளிவாக, யார் யார் அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்று பெயரோடு சொன்னார். கேமராவை இறக்கிவிட்டு அவன் என்னிடம், 'அண்ணே, இது ஓடாதுண்ணே. கொஞ்சம் அழச் சொல்லுங்க'ன்னான். நான் போய்ச் சொன்னேன். 'யக்கா, புள்ளைய நெனச்சுக்க' என்று சொன்னேன். அந்தக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அழுதார். நாற்பது செகண்ட் ஓடியது. பெயர்கள் ஒன்றும் வரவில்லை, அழுகை வந்தது, கீழே 'கோயில் திருவிழாவில் தகராறு' என்று வந்தது. எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இல்லாமல்.

இதை எழுதுவதற்கு இவ்வளவு நாள் ஆனது. பத்திரிகையாளர் பொறுப்பு என்று மேடையில் பேசுகிறபோதெல்லாம் அந்தக்கா பார்த்த பார்வை வந்து நிற்கிறது. உண்மையறியும் குழு என்று போகிறோம், நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போகிறோம், கேமராவுக்குத் தகுந்த மாதிரி நம் சனங்களை உட்காரவும் வைக்கிறோம். யாரை முன்னால் நிறுத்துவது, எந்தக் காயத்தைத் திறந்து காட்டுவது என்று முடிவெடுக்கிறோம். அந்தக்கா சொன்ன பெயர்களைவிட அந்தக்கா கண்ணீர் விலைபோகும் என்று எனக்கும் தெரிந்திருந்தது.

தம்பியிடம் பிறகு சண்டை போட்டேன். 'நான் சாதி பேரோடதான் எழுதி அனுப்புனேன்ண்ணே, டெஸ்க்ல எடுத்துட்டாங்க. ஏன்னு கேட்டா, கலவரம் வந்துரும்ங்கிறாங்க'ன்னான். கையை ஒடித்தால் வராத கலவரம், ஒடித்தவன் சாதியைச் சொன்னால் வந்துவிடுமாம். அன்றைக்கு அவனோடு ஒரு ஒப்பந்தம் போட்டேன். இனிமேல் யாரையும் அழச் சொல்ல வேண்டாம். எழுதுகிற வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அனுப்பு. டெஸ்க்கில் எடுத்தால் எடுக்கட்டும். நீ அனுப்பினதையும் அவர்கள் போட்டதையும் இரண்டையும் எழுதி வை, நாம் ஒரு நோட்டுப் போடுவோம் என்றேன். சிரித்தான், ஆனால் செய்கிறான்.

போன மாதம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி இரண்டு பேர் செத்தார்கள். தம்பி அங்கிருந்தே போன் செய்தான். என்னண்ணே கேட்கணும் என்றான். உள்ளே இறங்கச் சொன்னது யார், காண்டிராக்டர் பெயர் என்ன, கட்டட உரிமையாளர் யார். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் வருடச் சட்டத்தில் வழக்குப் போட்டார்களா என்று இன்ஸ்பெக்டரைக் கேள். 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் 30 லட்சம் நிவாரணம் என்று சொல்லியிருக்கிறது, அது எப்போது கிடைக்கும் என்று தாசில்தாரைக் கேள் என்றேன். எல்லாம் கேட்டான். இன்ஸ்பெக்டர் முறைத்தாராம், தாசில்தார் போனை எடுக்கவில்லையாம். 'இன்னார் கட்டடத்தில் இன்ன காண்டிராக்டர் இரண்டு தொழிலாளர்களைப் பாதுகாப்புக் கருவி இல்லாமல் தொட்டிக்குள் இறக்கினார்; இருவரும் இறந்தனர்' என்று எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்பினான். சாயங்காலம் டிவியைப் போட்டேன். 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்று ஓடியது. அடுத்ததாகப் பூண்டு விலை.

நோட்டில் அது பதினேழாவது.